வெளிவராத ஆளில்லா ஸ்டெல்த் விமானங்கள்: வடிவத்திலிருந்து பணியை ஊகிப்பதா, பணியிலிருந்து வடிவத்தை ஊகிப்பதா?

பதிவு 1 – வானோக்கி

ஆப்கானிஸ்தானின் கந்தஹார் விமானத் தளத்தில் 2007ஆம் ஆண்டில் முதலில் கண்ணில் பட்டு, 2009இல் மங்கலான படங்களாக இணையத்தில் வெளிவந்த அந்தச் சாம்பல் நிற விமானத்தைப் பார்த்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விட்டு அகலவில்லை. ‘கந்தஹாரின் விலங்கு’ என்று அப்போது அழைக்கப்பட்ட அதன் பெயர் ஆர்க்யூ-170 சென்டினல் என்பதையும், அதை உருவாக்கியது லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் ஸ்கங்க் ஒர்க்ஸ் பிரிவு என்பதையும் அமெரிக்க விமானப்படை 2009 டிசம்பர் 4 அன்று ஒப்புக்கொண்டது. தாலிபான்களிடம் ரேடார் வலையமைப்பு எதுவும் இருக்கவில்லை. அப்படியிருக்க, ரேடாருக்குத் தப்பும் விமானம் அங்கே எதற்காக நின்றது? மேற்கே ஈரானும் கிழக்கே பாகிஸ்தானும் இருப்பதை நிலப்படத்தில் பார்த்தவர்கள், அவ்விரு நாடுகளையும் உளவு பார்க்கத்தான் என்ற ஒரே முடிவுக்கு வந்தார்கள். 2011 டிசம்பரில் ஈரான் அதே வகை விமானம் ஒன்றைக் கைப்பற்றிக் காட்சிக்கு வைத்தபோது அந்த ஊகத்தின் ஒரு பாதி உறுதியாயிற்று.

இந்த இழையில் நான் முன்வைக்க விரும்புவது ஒன்றுதான். மறைவில் இருக்கும் ஒரு விமானத்தின் வடிவத்தை ஊகிக்க முற்படும்போது நாம் பெரும்பாலும் வரைபடத்திலிருந்து தொடங்குகிறோம். கண்ணுக்கு எதிர்காலத்தைச் சேர்ந்ததாகத் தோன்றும் ஒரு நிழலுருவை வரைந்துவிட்டு, அது என்ன செய்யும் என்று பிறகு யோசிக்கிறோம். வரலாறு இந்த வழியை ஒருமுறைகூட ஆதரித்ததில்லை என்பது என் எண்ணம். அப்போது இரகசியமாக இருந்த அமெரிக்க ஸ்டெல்த் போர்விமானத்தின் உருவம் என்று 1986இல் ஒரு நிறுவனம் ‘எஃப்-19’ என்ற பெயரில் விற்ற பிளாஸ்டிக் மாதிரி, வழவழப்பான வளைவுகளால் ஆனது. பலரும் அதையே உண்மை என்று நம்பினார்கள். 1988 நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உண்மையான விமானமான எஃப்-117இன் படத்தை வெளியிட்டபோது, அது வளைவே இல்லாமல் தட்டையான பட்டைகளை ஒட்டவைத்தது போல இருந்தது. டாசிட் புளூ அதைவிடப் பெரிய பாடம். நார்த்ராப் நிறுவனம் உருவாக்கி 1982இல் முதலில் பறந்து, 135 முறை பறந்தபின் 1996 ஏப்ரலில்தான் உலகுக்குக் காட்டப்பட்ட அந்த விமானம், கவிழ்த்துவைத்த தொட்டியைப் போல இருந்தது. போர்முனைக்கு அருகிலேயே சுற்றிக்கொண்டு, பக்கவாட்டில் பார்க்கும் பெரிய ரேடார் ஒன்றைச் சுமக்க வேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட பணி. அந்தப் பணியை யாராவது முன்கூட்டியே சரியாக ஊகித்திருந்தால், அந்தத் தொட்டி வடிவத்தை நோக்கி ஓரளவாவது நெருங்கியிருக்கலாம்.

எனவே உயரம், பறக்கும் நேரம், எந்த ரேடாருக்குத் தப்ப வேண்டும், எந்தக் கருவியைச் சுமக்க வேண்டும் என்ற நான்கையும் முதலில் வைத்துக்கொண்டு, இன்று வெளிவராமல் இருக்கும் உயர்வான்வெளி ஆளில்லா உளவு விமானத்தின் வடிவம் எப்படி அமையும் என்று நாம் சேர்ந்து யோசித்துப் பார்க்கலாமா? அவரவர் துறை சார்ந்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 2 – அலைநீளம்

நல்ல தொடக்கம். ரேடார் பற்றிய பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு ரேடார் ஒரு பொருளைக் கண்டுபிடிக்கும் தொலைவு, அந்தப் பொருளின் ரேடார் குறுக்குவெட்டுப் பரப்பின், அதாவது ரேடாரின் கண்ணுக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற அளவின், நான்காம் மூலத்தைப் பொறுத்தது. அதாவது குறுக்குவெட்டைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், 200 கிலோமீட்டரில் கண்ட ரேடார் ஏறத்தாழ 112 கிலோமீட்டரில் காணும், அவ்வளவுதான். அந்தத் தொலைவை 20 கிலோமீட்டராகச் சுருக்க வேண்டுமானால் குறுக்குவெட்டைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்க வேண்டும். ஸ்டெல்த் பூச்சு பூசினால் போதும் என்று எழுதுபவர்கள் இந்த நான்காம் மூலத்தை மறந்துவிடுகிறார்கள். பூச்சு ஒன்றிரண்டு பத்துமடங்குகளைத் தரலாம். எஞ்சியவை வடிவத்திலிருந்துதான் வர வேண்டும்.

வடிவம் என்ன செய்கிறது? தன் மீது விழும் அலையை அழிப்பதில்லை. வேறு திசைக்கு அனுப்புகிறது. நேரான ஒரு விளிம்பு, தனக்குச் செங்குத்தான திசையில் கூர்மையான ஒரு கீற்றாக அலையைத் திருப்புகிறது. எல்லா விளிம்புகளையும் ஒன்றுக்கொன்று இணையாக அமைத்துவிட்டால் கீற்றுகளின் எண்ணிக்கை குறையும். அமெரிக்காவின் ஸ்டெல்த் குண்டுவீச்சு விமானமான பி-2இன் பின்விளிம்பு ரம்பப்பல் போல மடிந்திருந்தாலும், அதன் ஒவ்வொரு துண்டும் இரண்டு முன்விளிம்புகளில் ஒன்றுக்கு இணையாக இருப்பதற்கு இதுவே காரணம். நான்கு திசைகளில் மட்டும் பளிச்சிட்டு, மற்றத் திசைகளில் இருண்டு கிடப்பதே அதன் நோக்கம். விளிம்புகளில் அலை வளைந்து சிதறும் விளிம்பு விளைவைக் கணக்கிடும் முறையை சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்த்சேவ் 1962இல் நூலாக வெளியிட்டார். அமெரிக்க விமானப்படை அதை 1971இல் மொழிபெயர்த்தது. லாக்ஹீட் பொறியாளர்கள் அதைத் தங்கள் கணினி நிரலுக்குள் கொண்டுவந்தார்கள். இரகசியம் என்று எதையும் கருதாமல் வெளிப்படையாக அச்சிடப்பட்ட ஒரு நூலிலிருந்து இவ்வளவு பெரிய இரகசியத் திட்டம் கிளைத்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இனி இந்த இழைக்கு முக்கியமான செய்தி. ஏவுகணைகளை வழிநடத்தும் ரேடார்கள் பெரும்பாலும் 10 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகின்றன. அலைநீளம் 3 சென்டிமீட்டர். தொலைவிலிருந்து எச்சரிக்கும் பழைய வகை ரேடார்களோ 150 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகின்றன; அலைநீளம் 2 மீட்டர். ஒரு விமானத்தின் வால், இறக்கை நுனி போன்ற பகுதிகளின் அளவு அலைநீளத்தோடு ஒத்துப்போகும்போது ஒத்ததிர்வு ஏற்பட்டு, வடிவம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் எதிரொலி பெருகிவிடும். 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் எஃப்-117 ஒன்று வீழ்த்தப்பட்டபோது, அதை முதலில் கண்டது நீண்ட அலைநீளத்தில் இயங்கும் பி-18 ரேடார்தான்.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, செங்குத்து வாலை அடியோடு நீக்குவது. மற்றொன்று, விமானத்தைப் பெரிதாக்குவது. அலையை உறிஞ்சும் எளிய அடுக்குக்குக் கால் அலைநீளத் தடிமன் வேண்டும். 3 சென்டிமீட்டர் அலைக்கு முக்கால் சென்டிமீட்டர் போதும். 2 மீட்டர் அலைக்கு அரை மீட்டர் ஆழம் தேவை. உறிஞ்சும் பொருளின் தன்மையால் இந்த ஆழத்தைக் குறைக்கலாம் என்றாலும், ஒரு சிறிய விமானத்தின் விளிம்புக்குள் அதற்கு இடமே இல்லை. பெரிய இறக்கைக்குள் இடமுண்டு. ‘சிறியது மறையும், பெரியது தெரியும்’ என்ற பொதுப்புத்தி நீண்ட அலைநீளத்தில் தலைகீழாகிவிடுகிறது. எனவே வலுவான வான்பாதுகாப்புக்குள் நுழைய வேண்டிய விமானம் வாலில்லாத, பெரிய பறக்கும் இறக்கையாகவே இருக்கும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

பதிவு 3 – கற்கும்கை

ஐயா, ஓர் ஐயம். விளிம்புகள் நான்கு திசைகளுக்குள் அடங்க வேண்டும் என்றால், அமெரிக்கக் கடற்படையின் ஆளில்லாச் சோதனை விமானமான எக்ஸ்-47பி போன்றவற்றில் முன்விளிம்பு நடுவில் முறிந்து, உட்பகுதி அதிகமாகவும் வெளிப்பகுதி குறைவாகவும் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது ஏன்? முறிந்த இடத்தில் புதிய திசை ஒன்று சேருகிறது அல்லவா? வெளிவராத பெரிய விமானத்தையும் பலர் அதே முறிந்த பட்டத்தின் (காற்றாடியின்) வடிவத்தில்தான் வரைகிறார்கள்.

பதிவு 4 – இழுவைக்கணக்கு

தம்பி கேட்ட கேள்வி மிகச் சரியானது. இந்த இழையின் நடுப்புள்ளியே அதுதான் என்று சொல்வேன்.

ஜெட் விமானம் ஒன்று எத்தனை மணி நேரம் பறக்கும் என்பதை மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன: விமானத்தைத் தூக்கும் விசையான ஏற்றத்துக்கும் பின்னுக்கு இழுக்கும் விசையான இழுவைக்கும் உள்ள விகிதம், இன்ஜின் எரிபொருளைச் செலவிடும் வேகம், புறப்படும்போதுள்ள மொத்த எடையில் எரிபொருளின் பங்கு. ஓர் எடுத்துக்காட்டுக்கு, மணிக்கு 0.6 என்ற எரிபொருள் நுகர்வு எண்ணை (ஒவ்வொரு கிலோ உந்துவிசைக்கும் மணிக்கு 0.6 கிலோ எரிபொருள்) வைத்துக்கொள்வோம். ஏற்ற-இழுவை விகிதம் 18ஆகவும் எரிபொருள் 40 விழுக்காடாகவும் இருந்தால் ஏறத்தாழ 15 மணி நேரம் வரும். விகிதத்தை 25ஆக்கி, எரிபொருளின் பங்கை 50 விழுக்காடாக்கினால் 29 மணி நேரம் வரும். உருவ மாற்றமும் கூடுதல் எரிபொருளும் சேர்ந்து பறக்கும் நேரத்தை ஏறத்தாழ இருமடங்காக்கிவிடுகின்றன என்பதைக் கவனியுங்கள்.

அந்த 25ஐ எப்படி எட்டுவது? இறக்கை நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஆளில்லா உளவு விமானமான குளோபல் ஹாக்கின் பிந்தைய வடிவங்களில் இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை ஏறத்தாழ 40 மீட்டர். உடலோ 15 மீட்டருக்கும் குறைவு. அதனால்தான் அது 18 கிலோமீட்டர் உயரத்தில் 30 மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. அதோடு, இறக்கையின் மேல் காற்று கலங்காமல் அடுக்கடுக்காக வழுக்கிச் செல்லும் லாமினார் ஓட்டம் எவ்வளவு தூரம் நீடிக்கிறதோ, அவ்வளவுக்கு இழுவை குறையும். இங்கேதான் ரேடார்காரர்களும் காற்றியக்கவியல்காரர்களும் மோதுகிறார்கள். ரேடார் கீற்றை முன்திசையிலிருந்து விலக்கிவைக்க விளிம்பை அதிகமாகப் பின்சாய்க்க வேண்டும். ஆனால் பின்சாய்வு அதிகமானால் இறக்கையின் நீளவாக்கில் ஒரு குறுக்கோட்டம் உருவாகி, லாமினார் ஓட்டத்தை முன்விளிம்புக்கு அருகிலேயே குலைத்துவிடும்.

முறிந்த பட்டத்தின் வடிவம் இந்த மோதலுக்குக் கிடைத்த ஓர் ஒப்பந்தம். உட்பகுதி ஆழமாகவும் தடிமனாகவும் இருந்து இன்ஜின், கருவிகள், எரிபொருள் ஆகியவற்றை ஏற்கிறது; வெளிப்பகுதி ஒடுங்கி நீண்டு, குறைந்த இழுவையைத் தருகிறது. அதற்காகக் கூடுதல் கீற்றுகளை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆளில்லா விமானத்தில் இந்த விலையைக் கொடுப்பது எளிது என்பதும் என் கருத்து. எந்த ரேடார் எங்கே இருக்கிறது என்று அறிந்து, அந்தக் கீற்று அதன் மீது விழாதபடி பாதையையும் முகத்தையும் கணினியே நொடிக்கு நொடி திருத்திக்கொள்ள முடியும். இருபது மணி நேரம் அதைச் செய்தாலும் கணினி களைப்பதில்லை.

லாக்ஹீட் 2006இல் ஃபார்ன்பரோ கண்காட்சியில் அறிமுகம் செய்த போல்கேட் இந்தப் பாதையின் தொடக்கச் சோதனை. இறக்கை நுனியிலிருந்து நுனி வரை 27 மீட்டர் கொண்ட, வாலில்லாத அந்த விமானம் உயரப் பறப்பதற்கான லாமினார் இறக்கையை ஆராய்வதற்காகவே 18 மாதங்களில், நிறுவனத்தின் சொந்தப் பணத்தில் உருவானது. அதே ஆண்டு டிசம்பரில் அது விழுந்து நொறுங்கியது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே லாக்ஹீடும் போயிங்கும் சேர்ந்து உருவாக்கிய டார்க்ஸ்டார், 1996 ஏப்ரலில் தன் இரண்டாவது பறப்பிலேயே தரையிலிருந்து எழுந்தவுடன் விழுந்தது. 1999இல் அத்திட்டமே கைவிடப்பட்டது. நேரான நீள இறக்கையும் தட்டு போன்ற உடலும் கொண்ட டார்க்ஸ்டார், ரேடார்காரர்களும் காற்றியக்கவியல்காரர்களும் இன்னும் ஒப்பந்தத்துக்கு வராத காலத்து வடிவம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதிவு 5 – கோணமானி

இழுவைக்கணக்கு அவர்களின் விளக்கத்தை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் ‘முறிந்த பட்டம்’ என்ற முடிவை நாம் பணியிலிருந்து வருவித்தோமா, அல்லது ஏற்கெனவே பார்த்த வரைபடங்களுக்குப் பின்னால் காரணத்தைத் தேடிச் சேர்த்தோமா என்ற கேள்வியை எழுப்ப வேண்டியிருக்கிறது.

நார்த்ராப் கிரம்மன் நிறுவனம் ஆர்க்யூ-180 என்ற பெயரில் இரகசிய உளவு விமானம் ஒன்றை உருவாக்கியிருப்பதாக ஏவியேஷன் வீக் இதழ் 2013 டிசம்பரில் எழுதியது. அந்த இதழின் ஓவியர் வரைந்த முறிந்த பட்டத்தின் படம் உலகெங்கும் பரவியது. அதன்பின் வந்த ஒவ்வொரு வரைபடமும் அந்த ஓவியத்தின் பிள்ளைதான். 2020இல் கலிபோர்னியாப் பாலைவனத்தின் மேலும், 2021 செப்டம்பரில் பிலிப்பைன்ஸின் மேலும் எடுக்கப்பட்ட படங்களில் வெளிறிய நிறமுடைய, வாலில்லாத நீண்ட இறக்கை ஒன்று தெரிகிறது. அந்தப் படங்களிலிருந்து எவற்றை எடுக்கலாம், எவற்றை எடுக்கக்கூடாது என்பதில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

கோணங்களை எடுக்கலாம், அதுவும் விமானம் ஏறத்தாழ நேர்மேலே இருந்தால் மட்டும். நீளத்தை எடுக்கக்கூடாது. படத்தில் தெரிவது கோண அளவு. அதைத் தொலைவால் பெருக்கினால்தான் நீளம் வரும். 6 கிலோமீட்டர் உயரம் என்று கொண்டால் 13 மீட்டர் வரும் இறக்கை, 18 கிலோமீட்டர் என்று கொண்டால் 39 மீட்டர் ஆகிவிடும். ‘40 மீட்டர் இறக்கை’ என்று எழுதுபவர்களில் பெரும்பாலோர் உயரத்தைத் தங்கள் விருப்பத்துக்கு ஏற்ப வைத்துக்கொண்டே அங்கு வந்து சேர்கிறார்கள். விமானத்தின் பின்னால் நீராவித் தடம் தெரிந்தால் ஒரு கீழெல்லை கிடைக்கும். சுற்றியுள்ள காற்று ஏறத்தாழ மைனஸ் 40 பாகையோ அதற்கும் கீழோ குளிர்ந்திருந்தால்தான் அத்தடம் நிலைக்கும் என்பதால், பெரும்பாலான இடங்களில் உயரம் 8 கிலோமீட்டருக்கு மேல் என்று சொல்லலாம். மேலெல்லைக்கு எந்தச் சான்றும் அதில் இல்லை.

தரையில் நிற்கும் விமானத்துக்கே இந்தச் சிக்கல் உண்டு. ஆர்க்யூ-170இன் இறக்கை ஏறத்தாழ 20 மீட்டர் என்று படங்களை அளந்தவர்கள் சொன்னார்கள். கையில் விமானத்தையே வைத்திருந்த ஈரான் 26 மீட்டர் என்றது. அளவு நாடாவை வைத்து அளக்கக்கூடிய ஒரு பொருளிலேயே இத்தனை வேறுபாடு.

பதிவு 6 – வானோக்கி

கோணமானி அவர்களின் கண்டிப்பு எனக்குத் தேவையான ஒன்று. ஓவியத்தின் பிடியில் நானும் இருந்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே ஓவியத்தை ஒதுக்கிவிட்டு, பணியிலிருந்தே உயரத்தை வருவித்துப் பார்க்கிறேன். 18 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் ஏறத்தாழ 480 கிலோமீட்டர். 6 கிலோமீட்டரிலிருந்து 275 கிலோமீட்டர்தான். நாட்டின் உட்பகுதியைப் பக்கவாட்டாகப் பார்க்க வேண்டிய விமானத்துக்கு உயரம் தவிர்க்க முடியாதது. மேலும், 18 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்தை 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரை ரேடார் ஏறத்தாழ 10 பாகைக் கோணத்தில்தான் பார்க்கிறது. தட்டையான அடிப்புறத்தில் பட்ட அலை, தண்ணீரில் வீசிய ஓட்டாஞ்சில்லு போலத் தெறித்து அப்பால் போய்விடும். அந்த உயரத்தில் அதற்கு மேலிருந்து பார்ப்பவை மிகச் சில. எனவே காற்று உள்வாங்கும் வாயும் வெளியேற்றும் வாயும் முதுகில் இருப்பது வழக்கத்தால் வந்ததன்று. உயரம் என்ற ஒரே தேவையிலிருந்து நேராகப் பிறப்பது.

ஆர்க்யூ-170ஐ இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் அது வேறொரு பணிக்கானது என்பது புலப்படும். அதன் நடுத்தரச் சாம்பல் நிறம் மிக உயரமான இருண்ட வானத்துக்கு உரியது அன்று. அதன் சக்கரக் கதவுகளின் விளிம்புகளில் ரம்பப்பல் வெட்டு இல்லை. பிடிபட்டாலும் பெரிய இழப்பு நேரக்கூடாது என்று, உயர்ந்த நுட்பங்களைத் தெரிந்தே தவிர்த்து வடிவமைத்தார்கள் என்பது என் ஊகம்.

பதிவு 7 – அலைநீளம்

இந்தக் கடைசி ஊகத்தை நான் மறுக்கிறேன். பிடிபட்டது என்பது நமக்கு 2011க்குப் பிறகு தெரிந்த செய்தி. அதைப் பின்னோக்கிக் கொண்டுபோய் வடிவமைப்பாளரின் மனத்தில் ஏற்றுவது சரியன்று.

ரம்பப்பல் வெட்டு எதற்கு என்று பார்ப்போம். உலோகப் பரப்பை ஒட்டி ஊர்ந்து செல்லும் அலை, தன் வழியில் குறுக்காக ஓர் இடைவெளி வந்தால் அங்கே சிதறி ஒரு பகுதி திரும்பி வரும். அந்த இடைவெளியைச் சாய்வாக வெட்டினால் திரும்பும் அலை வேறு திசைக்குப் போகும். இடைவெளியை மின்கடத்தும் பட்டையால் மூடிவிட்டாலும் ஏறத்தாழ அதே பயன் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறை கதவு திறந்து மூடும்போதும் அந்தப் பட்டையைப் பராமரிக்க வேண்டும். கதவு நேராக இருப்பது ‘தாழ்ந்த நுட்பம்’ என்பதற்கான சான்றாகாது. பராமரிப்புச் சுமை எங்கே விழட்டும் என்று எடுத்த ஒரு முடிவுக்கான சான்றாகவும் அது இருக்கலாம்.

ஆர்க்யூ-170இன் காற்று உள்வாங்கியின் வாயில் தெரியும் வலைக்கம்பியும் அப்படியே. ரேடார் அலைநீளத்தைவிடச் சிறிய கண்களைக் கொண்ட வலை, அலைக்குச் சுவரைப் போலவும் காற்றுக்குச் சன்னலைப் போலவும் நடந்துகொள்கிறது. எஃப்-117இல் இதையே செய்தார்கள். பி-2இல் வலை இல்லை. காற்றுப்பாதையையே வளைத்து, இன்ஜினின் முகம் வெளியிலிருந்து தெரியாமல் செய்தார்கள். வளைந்த பாதைக்கு நீளம் வேண்டும். உடல் குட்டையாக இருந்தால் வலை வரும். பிடிபடுவோமா மாட்டோமா என்ற கேள்வி இதில் எங்கும் நுழையவில்லை.

பதிவு 8 – வானோக்கி

ஏற்கிறேன். அந்த ஊகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பணியிலிருந்து வடிவத்துக்கு வர வேண்டும் என்று முதல் பதிவில் எழுதிவிட்டு, நானே நிகழ்விலிருந்து நோக்கத்துக்குத் தாவிவிட்டேன்.

பதிவு 9 – சூடறிவோன்

முதுகிலுள்ள வெளியேற்று வாய் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். ரேடாரைப் பற்றி நூறு பேர் எழுதும்போது வெப்பத்தைப் பற்றி ஒருவர்தான் எழுதுகிறார்.

ரஷ்யாவின் ஆளில்லா விமானமான எஸ்-70 ஓகோத்னிக் 2019 ஆகஸ்டில் முதலில் பறந்தபோது அதன் பின்புறத்தில் வட்டமான இன்ஜின் வாய் அப்பட்டமாகத் துருத்திக்கொண்டிருந்தது. 2021 டிசம்பரில் காட்டப்பட்ட இரண்டாவது மாதிரியில் அது தட்டையான வாயாக மாறியிருந்தது. சீனாவின் ஆளில்லா விமானமான ஷார்ப் சோர்ட் 2013 நவம்பரில் பறந்தபோதும் வாய் வெளியே தெரிந்தது. 2019 அக்டோபர் அணிவகுப்பில் வந்த அதன் பிந்தைய வடிவமான ஜிஜே-11இல் அது உடலுக்குள் மறைந்துவிட்டது. இரண்டு நாடுகளும் முதலில் பறக்கக் கற்றுக்கொண்டு, பிறகு மறைக்கக் கற்றுக்கொண்டன. எனவே முதல் மாதிரியின் படத்தை வைத்துக்கொண்டு ஒரு திட்டத்தின் தரத்தை எடைபோடுவது தவறு.

வெளியேற்று வாயைத் தட்டையாக்கினால் சூடான வாயு அகன்ற மெல்லிய தாளாக வெளிவந்து, சுற்றியுள்ள குளிர்ந்த காற்றோடு விரைவில் கலக்கிறது. வாயை இறக்கையின் பின்விளிம்புக்கு முன்னாலேயே முடித்துவிட்டால் கீழிருந்து பார்க்கும் கருவிக்குச் சூடான உலோகம் தெரியாது. இதற்கு விலை உண்டு: தட்டையான வாய்க்குள் அழுத்தம் மூலைகளில் குவிவதால் எடை கூடும், உந்துவிசை கொஞ்சம் குறையும், சூடான தாள் படும் இறக்கைப் பரப்பு ஆண்டுக்கணக்கில் வெந்து விரிசல் விடும். 29 மணி நேரம் பறக்க வேண்டிய விமானத்தில் அந்தப் பரப்பு ஒவ்வொரு பயணத்திலும் 29 மணி நேரம் வேகிறது. வெளிவராத விமானத்தின் மிகக் கடினமான பாகம் எது என்று என்னைக் கேட்டால், ரேடார் பூச்சையன்று, இந்த ஒன்றிரண்டு சதுர மீட்டர் பரப்பைத்தான் காட்டுவேன்.

பதிவு 10 – கற்கும்கை

தரவை அனுப்பும் ரேடியோ இணைப்பே விமானத்தைக் காட்டிக்கொடுக்காதா? ஈரான் 2011இல் பிடித்த ஆர்க்யூ-170ஐ ஜிபிஎஸ் சமிக்ஞையால் ஏமாற்றித் தரையிறக்கியதாகச் சொன்னது உண்மையாக இருக்குமா?

பதிவு 11 – கோணமானி

ஈரான் தரப்பு அப்படிச் சொன்னது. அமெரிக்கத் தரப்பு கோளாறு என்றது. காட்சிக்கு வைத்தபோது அடிப்புறத்தையும் சக்கரங்களையும் பதாகைகளால் மறைத்திருந்தார்கள் என்பதால், மெதுவாக இறங்கியதா, மோதி இறங்கியதா என்பதைப் படத்திலிருந்து முடிவுசெய்ய வழியில்லை. சாதாரண ஜிபிஎஸ் சமிக்ஞையை நம்பும் சிறிய ஹெலிகாப்டர் ஒன்றைத் திசைதிருப்ப முடியும் என்பதை டெக்ஸாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் செய்து காட்டினார்கள். இராணுவச் சமிக்ஞை மறைகுறியிடப்பட்டது என்பதால், அந்தச் சோதனையை அப்படியே இந்த விமானத்துக்குப் பொருத்திப் பேச இயலாது.

ஈரான் வெளிவடிவத்தைப் படியெடுத்தது என்பதில் ஐயமில்லை. 2018 பிப்ரவரி 10 அன்று சிரியாவிலிருந்து தன் வான்வெளிக்குள் வந்த ஆளில்லா விமானம் ஒன்றை இஸ்ரேல் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு வீழ்த்தியது. அதன் உருவம் சென்டினலையே நினைவூட்டியது. வெளிவடிவம் ஒத்திருந்தும் அது கண்டுபிடிக்கப்பட்டது. விளிம்புக்குள் இருக்கும் அந்த அரை மீட்டர் ஆழத்தைப் படத்தைப் பார்த்துப் படியெடுக்க முடியாது.

இணைப்பைப் பொறுத்தவரை, மேல்நோக்கிக் குறுகிய கற்றையாகச் செயற்கைக்கோளுக்கு அனுப்பினால் கீழே கசிவது மிகக் குறைவு. அதைவிட நல்ல வழி, பேசாமல் இருப்பது. எக்ஸ்-47பி 2013 ஜூலை 10 அன்று விமானந்தாங்கிக் கப்பலில் தானே இறங்கியது. 2015 ஏப்ரலில் வானிலேயே தானே எரிபொருள் நிரப்பிக்கொண்டது. தரையிலிருந்து ஒருவர் குச்சியைப் பிடித்து ஓட்ட வேண்டிய தேவை எப்போதோ போய்விட்டது. எதிர்நாட்டின் உள்ளே இருக்கும் மணிநேரம் முழுவதும் மௌனமாக இருந்து, தேவையான படங்களை மட்டும் அவ்வப்போது நொடிப்பொழுதில் அனுப்பும் விமானத்தையே நான் எதிர்பார்க்கிறேன். ஆனால் இணைப்பு அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற விதி மிகக் கவனமாக எழுதப்பட வேண்டும். போல்கேட் விழுந்ததற்குக் காரணம் விமானமே அன்று. தரையிலிருந்த பறப்பு நிறுத்தக் கருவியில் ஏற்பட்ட கோளாறால், பாதுகாப்புக்காக வைத்திருந்த ஏற்பாடே அதை வீழ்த்தியது.

பதிவு 12 – இழுவைக்கணக்கு

எல்லாரும் ஒரு பொருளைத் தொடாமல் விட்டுவிட்டீர்கள். வாலை நீக்கிவிட்டோம், சரி, முகத்தை இடமும் வலமும் திருப்புவது எப்படி?

பி-2இல் இறக்கை நுனிக்கு அருகிலுள்ள மடிப்பு, அதாவது பின்விளிம்பில் அசையும் தகடு, மேலும் கீழுமாகப் பிளந்து, அந்தப் பக்கத்தில் இழுவையை உண்டாக்கி முகத்தைத் திருப்புகிறது. பிளந்த மடிப்பு ரேடாருக்கு நன்றாகத் தெரியும் என்பதால், மறைந்து பறக்க வேண்டிய இடத்தில் அதை மூடிவிட்டு, இரு பக்க இன்ஜின்களின் உந்துவிசையைக் கூட்டிக் குறைத்துத் திருப்புகிறார்கள். நான்கு இன்ஜின்கள் கொண்ட விமானத்துக்கு இது எளிது. ஒற்றை இன்ஜின் கொண்ட ஆளில்லா விமானத்துக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது. டிஆர்டிஓவின் வாலில்லாச் சோதனை விமானம் 2022 ஜூலை 1 அன்று சித்ரதுர்காவில் முதலில் பறந்தபோது, வாலில்லாமல் கட்டுப்படுத்தியதையே பெரிய அடைவாக அறிவித்தார்கள். அந்த அறிவிப்பில் மிகை எதுவும் இல்லை.

மடிப்புகளே இல்லாமல் திருப்பும் முயற்சியும் நடக்கிறது. பிரிட்டனின் பிஏஇ நிறுவனமும் மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் 2019இல் பறக்கவிட்ட மேக்மா என்ற சிறிய விமானம், இன்ஜினிலிருந்து எடுத்த காற்றைப் பின்விளிம்பின் மெல்லிய பிளவு வழியே மிகுந்த வேகத்தில் ஊதித் தன்னைத் திருப்பிக்கொண்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பாவின் எக்ஸ்-65 திட்டமும் அதே கருத்தைப் பெரிய அளவில் சோதிப்பதற்கானது. ஊதும் காற்று இன்ஜினிலிருந்து வருகிறது. இன்ஜின் நின்றால் கட்டுப்பாடும் நிற்கும். எனவே முழுவதுமாக இதை நம்பி ஒரு உளவு விமானத்தை எதிர்நாட்டின் மேல் அனுப்பத் துணிவார்களா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பெரிய அசைவுகளுக்கு மடிப்பும், மறைந்து பறக்கும்போது தேவைப்படும் சிறுதிருத்தங்களுக்கு ஊதுகாற்றும் என்ற கலவையே பொருத்தமாகப் படுகிறது.

பதிவு 13 – வானோக்கி

இதுவரை வந்தவற்றை வைத்து என் ஊகத்தைத் திருத்தி எழுதுகிறேன். 18 கிலோமீட்டரை ஒட்டிய உயரம். ஒரு நாளுக்குக் குறையாத பறப்பு. நீண்ட அலைநீள ரேடாருக்கும் தப்பும் தேவை. பக்கவாட்டில் பார்க்கும் ரேடார். கடைசித் தேவைக்கு முன்விளிம்பின் உட்பகுதியில் நேரான, நீளமான, ஆழமான இடம் வேண்டும். அலைநீளம் அவர்கள் சொன்ன உறிஞ்சும் அடுக்குக்கும் அதே இடம்தான் வேண்டும். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுவதால், உட்பகுதியின் விளிம்பு நான் முதலில் எண்ணியதைவிட நீளமாகவும், முறிவு நுனியை நோக்கி இன்னும் வெளியே தள்ளியும் இருக்கும் என்று இப்போது எண்ணுகிறேன். இன்ஜின்கள் ஒன்றாக இல்லாமல் இரண்டாக இருக்கும். முகத்தைத் திருப்பும் சிக்கலுக்கும், நாள் முழுதும் எதிர்நாட்டின் மேல் நிற்கும்போது ஒன்று நின்றுவிடக்கூடும் என்ற அச்சத்துக்கும் அதுவே விடை.

அடுத்த முறை தெளிவான படம் ஒன்று வெளிவந்தால், நான் முதலில் முன்விளிம்பைப் பார்க்கப் போவதில்லை. பின்விளிம்பின் வெளிக் கால்பகுதியில் மடிப்புக்கோடுகள் எத்தனை இருக்கின்றன, அவற்றில் எது மேலும் கீழுமாகப் பிளக்கக்கூடியது என்பதைத்தான் தேடுவேன். அங்கே கோடே இல்லையென்றால் இழுவைக்கணக்கு அவர்களின் தயக்கத்தையும் என் இரட்டை இன்ஜின் ஊகத்தையும் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.